1520097643918070802691-ஐ 1806-ஆல் வகுத்தால் மீதி 1: தற்செயலா, வேலையா?

■ சத்துவாச்சாரி | ஜூலை 10, காலை 8:05

இன்று கோட்டைப் புரட்சி நாள். ஒரு வினாடி வினாத் தாளில் வந்த கேள்வி: "1520097643918070802691 என்ற எண்ணை வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டால் வகுத்தால் மீதி என்ன?" விடை 1 என்று அச்சாகியிருக்கிறது. போன் கால்குலேட்டர் 8.4169 × 10¹⁷ என்று காட்டிவிட்டு நின்றுகொள்கிறது. எக்செல்லில் ஒட்டினால் எண்ணே வேறாக மாறுகிறது. விடை சரியா? சரி என்றால் இந்த 22 இலக்கம் எங்கிருந்து வந்தது?

என் கட்சி: யாரோ வாய்க்கு வந்த எண்ணை 1806-ஆல் பெருக்கி 1 கூட்டி வைத்திருக்கிறார்கள். இதில் கணிதம் ஒன்றும் இல்லை.

■ காட்பாடி | ஜூலை 10, காலை 9:30

விடை சரி. ஈவு 841693047573682615, மீதி 1.

எக்செல் 15 இலக்கம்தான் பிடித்து வைக்கும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நீங்கள் ஒட்டியது 1520097643918070000000 ஆகியிருக்கும். அதற்கு மீதி கண்டால் வேறு கணக்கின் விடை கிடைக்கும். செல்லுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு எழுத்தாக வைத்தால் எண் அழியாது, ஆனால் கணக்கும் நடக்காது. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் 9007199254740991 வரைதான் நம்பகம். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் தசமமாக மாறி வால் இலக்கங்கள் போய்விடும். ஈவுக்கு இரட்டைச் சாய்கோடு, மீதிக்கு சதவீதக் குறி.

கட்சியைப் பற்றி மாலையில் பேசலாம். தப்பான கட்சி.

■ ஆம்பூர் | ஜூலை 10, காலை 9:52

பரீட்சை ஹாலில் பைத்தான் ஏது சார்? பேனாவில் எப்படி?

■ காட்பாடி | ஜூலை 10, மதியம் 1:15

1806 = 2 × 3 × 7 × 43. நான்கும் வெவ்வேறு பகா எண்கள். நான்கிலும் மீதி 1 வந்தால் 1806-க்கும் மீதி 1. பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் போதும்.

2: கடைசி இலக்கம் 1. மீதி 1.

3: இலக்கங்களின் கூடுதல் 88. மீதி 1.

7: வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரிக்கணும்: 1 | 520 | 097 | 643 | 918 | 070 | 802 | 691. 1001 = 7 × 11 × 13 என்பதால் வலக்கோடியிலிருந்து கூட்டல், கழித்தல் மாறி மாறி: 691 − 802 + 70 − 918 + 643 − 97 + 520 − 1 = 106. 106-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1.

43: இதற்குத்தான் ஆள்கள் பயப்படுவார்கள். 43 × 23 = 989, ஆகவே 1000-க்கு மீதி 11. இடமிருந்து ஆரம்பித்து, கையில் இருக்கும் மீதியை 11-ஆல் பெருக்கி அடுத்த குழுவைக் கூட்டி மறுபடி 43-க்கு மீதி எடுக்கணும். வரிசையாக 1, 15, 4, 42, 4, 28, 35, 1 என்று வரும். உதாரணத்துக்கு முதல் படி: 1 × 11 + 520 = 531, அதில் 516 போக 15. கடைசிப் படி: 35 × 11 + 691 = 1076, அதில் 1075 போக 1.

நடுவில் 42 வரும்போது அதை −1 என்று எடுத்துக்கொண்டால் பெருக்கல் மிச்சம்.

■ குடியாத்தம் | ஜூலை 10, மாலை 4:40

எனக்கு 7-க்கு மீதி 4 வருது. அச்சுப் பிழையா?

■ காட்பாடி | ஜூலை 10, மாலை 5:05

கமா எங்கே போட்டீங்க? 1,52,00,97,64,39,18,07,08,02,691 என்று லட்சம் கோடி முறையில் பிரித்து அதையே கூட்டிக் கழித்தால் 585 வரும், மீதி 4. அந்தக் கமா இந்தச் சோதனைக்கு உதவாது. எல்லாக் குழுவும் மூன்று இலக்கமாக இருக்கணும்.

அடுத்து கோட்டை விடும் இடம் 097, 070. முன்பூஜ்யத்தைத் தின்றுவிட்டு அடுத்த குழுவிலிருந்து ஓர் இலக்கத்தை இழுத்தால் அதற்குப் பிறகு எல்லாம் போச்சு.

■ குடியாத்தம் | ஜூலை 10, மாலை 5:20

அதேதான். கமா.

■ காட்பாடி | ஜூலை 10, இரவு 9:10

இப்போது சத்துவாச்சாரியின் கட்சிக்கு. யாரும் 1806-ஆல் பெருக்கி 1 கூட்டவில்லை. இது 42-ஆம் பெர்னூலி எண்ணின் தொகுதி:

42-ஆம் பெர்னூலி எண் = 1520097643918070802691 / 1806

அடுக்குகளைக் கூட்டும் சூத்திரங்களில் (1¹⁰ + 2¹⁰ + … + 1000¹⁰ மாதிரி) தலைகாட்டும் பின்னங்கள் இவை. யாக்கோபு பெர்னூலியின் புத்தகம் அவர் இறந்த பிறகு 1713-ல் வந்தது. ஜப்பானில் செகி தகாகசுவின் புத்தகமும் அவர் மறைவுக்குப் பின்பு 1712-ல் இதையே சொன்னது. வரிசையில் 2-ஆவது 1/6, 4-ஆவது −1/30, 6-ஆவது 1/42, 8-ஆவது −1/30, 10-ஆவது 5/66, 12-ஆவது −691/2730. முதலில் சாதுவாக இருந்துவிட்டு அப்புறம் ஊதிப் பெருக்கும்.

நம்ம 22 இலக்கமும் 691-ல்தான் முடிகிறது. 12-ஆவதின் தொகுதியும் 691. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, தேடாதீங்க.

இன்னொன்று: 1520097643918070802691 ஒரு பகா எண்.

■ இராணிப்பேட்டை | ஜூலை 10, இரவு 10:25

அப்போ புரட்சியை அடக்கிய பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தது 1/42-ஐப் பார்த்துவிட்டா?

■ காட்பாடி | ஜூலை 10, இரவு 10:31

ஆமாம், சேணப்பையில் பெர்னூலி பட்டியல். பகுதி ஏன் 1806 என்று சொல்லும் தேற்றமே 1840-ல்தான் வந்தது, சிப்பாய்கள் எழுந்து 34 வருஷம் கழித்து. ஆண்டோடு பொருந்துவது தற்செயல். மீதி 1 வருவது தற்செயல் இல்லை. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் போதும்.

■ காட்பாடி | ஜூலை 11, காலை 6:50

1840-ல் ஃபான் ஷ்டவுட்டும் கிளாவ்சனும் தனித்தனியே கண்டது இது. வரிசை எண் இரட்டைப்படை என்றால் அதன் எல்லா வகு எண்களையும் எழுது, ஒவ்வொன்றோடும் 1 கூட்டு, அதில் பகா எண்களை மட்டும் பொறுக்கு. பெர்னூலி எண்ணோடு அந்தப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டினால் முழு எண் வரும். பகுதி என்பது அந்தப் பகா எண்களின் பெருக்கம்.

12-க்கு: வகு எண்கள் 1, 2, 3, 4, 6, 12. ஒன்று கூட்டினால் 2, 3, 4, 5, 7, 13. நாலை விட்டுப் பெருக்கினால் 2730. சரி.

42-க்கு: 1, 2, 3, 6, 7, 14, 21, 42 → 2, 3, 4, 7, 8, 15, 22, 43. பகா எண்கள் 2, 3, 7, 43. பெருக்கம் 1806.

■ ஆம்பூர் | ஜூலை 11, காலை 7:30

பகுதி ஏன் 1806 என்று புரிந்தது. தொகுதியின் மீதி ஏன் சரியாக 1? 12-க்கு அப்படி வரலையே. 691-ஐ 2730-ஆல் வகுத்தால் மீதி 691-தான்.

■ பொய்கை | ஜூலை 11, காலை 11:00

அதற்கு நான் சொல்கிறேன், சந்தைக் கணக்காகவே. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஒருவர் 1805 மாடு ஓட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கற்பனைதான், அவ்வளவு மாடு வந்தால் பெங்களூரு ரோடு நின்றுவிடும்). மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று, மூன்றாமவனுக்கு ஏழில் ஒன்று, கடைக்குட்டிக்கு 43-ல் ஒன்று. 1805 எதாலும் வகுபடாது. பக்கத்துக் கட்டுத்தறியில் ஒரு மாடு கடன் வாங்கு, 1806. பங்கு: 903, 602, 258, 42. கூட்டினால் 1805. கடன் மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதாவது 1/2 + 1/3 + 1/7 + 1/43 = 1805/1806. முழுசுக்கு 1/1806 குறைவு. பெர்னூலி எண்ணோடு இதைக் கூட்டினால் முழு எண் என்றால், பெர்னூலி எண் = ஏதோ ஒரு முழு எண் + 1/1806. தொகுதி = 1806 × ஏதோ ஒன்று + 1. திருப்பிக் கொடுத்த மாடுதான் உங்க மீதி.

12-க்கு 1/2 + 1/3 + 1/5 + 1/7 + 1/13 = 3421/2730, ஒன்றைத் தாண்டிவிடுகிறது. அங்கே இந்தச் சலுகை இல்லை.

■ சத்துவாச்சாரி | ஜூலை 11, மதியம் 12:10

சரி, கட்சி மாறிட்டேன். ஆனால் 1806-ஐ விட 42 அல்லவா சிறப்பு? எண்ணைப் பெற்றது அது.

■ காட்பாடி | ஜூலை 11, இரவு 8:45

1-ஆவதின் பகுதி 2. 2-ஆவதின் பகுதி 6. 6-ஆவதின் பகுதி 42. 42-ஆவதின் பகுதி 1806. அடுத்து 1806-ஆவதின் பகுதி என்ன? அதே விதியைப் போடுங்கள். 1806-க்கு 16 வகு எண்கள்: 1, 2, 3, 6, 7, 14, 21, 42, 43, 86, 129, 258, 301, 602, 903, 1806. ஒன்று கூட்டியபின் 42 வரை பழைய கதை. மற்றவை:

44, 87 = 3 × 29, 130, 259 = 7 × 37, 302, 603 = 9 × 67, 904, 1807 = 13 × 139.

ஒன்றுகூடப் பகா எண் இல்லை. ஆகவே பகுதி மறுபடி 1806. ஏணி இங்கே நின்றுவிட்டது. 87-ம் 259-ம் 1807-ம் அவசரத்தில் பகா எண் போலத் தெரியும். 1807-ஐ 11 வரை சோதித்துவிட்டு நிறுத்துபவர்கள்தான் ஏணி தொடர்கிறது என்று எழுதுகிறார்கள்.

தன் வரிசை எண்ணே தன் பகுதியாக இருக்கும் பெர்னூலி எண் 1806-ஆவது ஒன்றுதான். நிரூபணம் நாலு வரி. அப்படி ஓர் எண் இருந்தால் அது வெவ்வேறு பகா எண்களின் பெருக்கம், ஒவ்வொன்றிலும் 1 கழித்தால் அது அந்த எண்ணை வகுக்கணும், அப்படி வகுக்கும் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகக் கூடாது. சிறியதிலிருந்து ஏறினால், ஒவ்வொரு பகா எண்ணிலும் 1 கழித்தது அதற்கு முந்தைய பகா எண்களின் பெருக்கத்தை வகுத்தாகணும். முதல் ஆள் 2. அடுத்து 2-ஐ வகுப்பவற்றோடு 1 கூட்டினால் 3 மட்டும். 6-ஐ வகுப்பவற்றில் புதிது 7 மட்டும். 42-ல் 43 மட்டும். 1806-ல் எதுவும் இல்லை. வேறு வழியே திறக்கவில்லை.

■ இராணிப்பேட்டை | ஜூலை 12, காலை 10:15

இதே ஏணியால் இன்னொன்று வருது. எந்த முழு எண்ணை எடுத்து 1807-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும் 1806-க்கு மீதி அந்த எண்ணின் மீதியேதான். பெர்மாவின் சிறிய தேற்றம் (எந்த எண்ணையும் ஒரு பகா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால், அந்தப் பகா எண்ணுக்கு மீதி மாறாது), 2, 3, 7, 43 ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. 43-ஆம் அடுக்கிலேயே இது நடந்துவிடும், ஏனென்றால் 1, 2, 6, 42 நான்கும் 42-ஐ வகுக்கும். "அடுக்கு = எண் + 1" என்று இந்தப் பண்பு உள்ள எண்கள் மொத்தமே 1, 2, 6, 42, 1806.

1¹⁸⁰⁶ + 2¹⁸⁰⁶ + … + 1806¹⁸⁰⁶ என்று கூட்டி 1806-ஆல் வகுத்தாலும் மீதி 1. அதுவும் பொய்கைக்காரர் மாடுதான்: 903, 602, 258, 42 ஆகிய பங்குகளை முறையே 2, 3, 7, 43-ஆல் வகுத்தால் ஒவ்வொன்றும் ஒன்று குறைவாக நிற்கும்.

■ திருப்பத்தூர் | ஜூலை 12, மாலை 6:30

ஏணி நிற்கவில்லை. 1806 × 1807 = 3263442. 1/2 + 1/3 + 1/7 + 1/43 + 1/1807 + 1/3263442 = 1. போட்டுப் பாருங்க.

■ பொய்கை | ஜூலை 12, இரவு 7:15

கூட்டல் சரி. 1807 பகா எண் இல்லை என்பதால் பெர்னூலி பக்கம் அதற்கு வேலை இல்லை. பின்னத்தைக் கூட்டி 1 ஆக்குவது மட்டும் நோக்கம் என்றால் 3263443, அதற்கும் மேலே என்று போய்க்கொண்டே இருக்கலாம். பகா எண் மட்டும் என்று கட்டுப்பாடு போட்டால்தான் சுவை.

அந்தக் கட்டுப்பாட்டில் 1806-க்கு அடுத்தது 47058 = 2 × 3 × 11 × 23 × 31. பங்கு 23529, 15686, 4278, 2046, 1518, கூட்டினால் 47057. ஒரு மாடு திரும்புகிறது. 47059 பகா எண் என்பதால் 47058 × 47059 = 2214502422-ம் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் 52495396602. அதற்கு மேலே தெரிந்தது ஒன்றே ஒன்று, 31 இலக்கம்:

8490421583559688410706771261086 = 2 × 3 × 11 × 23 × 31 × 47059 × 2217342227 × 1729101023519

கடைசிக் காரணி, இராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729-ல் ஆரம்பிக்கிறது. இராமானுஜன் பக்தர்கள் சண்டைக்கு வரலாம்.

முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது இன்னும் திறந்த கேள்வி.

■ ஆம்பூர் | ஜூலை 13, காலை 8:20

47058-ஆம் பெர்னூலி எண்ணின் பகுதி 47058 ஆகாதா அப்போ?

■ காட்பாடி | ஜூலை 13, காலை 8:40

ஆகாது. 11-ல் ஒன்று கழித்தால் 10. 47058-ஐ 10 வகுக்காது. 11 பகுதிக்குள் நுழையவே முடியாது. 1806 இரண்டு கதவிலும் நுழைகிறது, 47058 ஒன்றில் மட்டும்.

■ காட்பாடி | ஜூலை 13, இரவு 9:30

இராமானுஜன் பேச்சு வந்ததால். அவர் அச்சில் வெளியிட்ட முதல் கட்டுரையே பெர்னூலி எண்களைப் பற்றியதுதான், 1911, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ். அதில் ஒரு கூற்று: பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதி பகா எண். 42-க்கு இது பொருந்துகிறது. ஆனால் 20-லேயே உடைகிறது: தொகுதி 174611 = 283 × 617. கையில் இருந்த சிறிய உதாரணங்கள் எல்லாம் தலையாட்டியிருக்கும். பட்டியல் பார்த்துப் பொதுவிதி சொல்லும் யாருக்கும் 283 × 617-ஐ எழுதிக் கொடுக்கலாம்.

■ திருப்பத்தூர் | ஜூலை 14, மதியம் 2:00

1806 வேறு இடத்திலும் இருக்கு. 6 × 6 கட்டத்தில் கீழ் இடது மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று, அல்லது குறுக்கே ஒன்று என நகர்ந்து, மூலைவிட்டத்துக்கு மேலே ஏறாமல் போகும் பாதைகள் 1806. ஷ்ரோடர் எண்கள்: 1, 2, 6, 22, 90, 394, 1806. சரிபார்க்க: 33 × 394 − 4 × 90 = 12642, அதை 7-ஆல் வகுத்தால் 1806. இதுவும் 1, 2, 6 என்று ஆரம்பிக்குதே?

■ காட்பாடி | ஜூலை 14, மாலை 5:45

ஆரம்பிக்கும், நடுவில் 22, 90, 394 என்று வேறு ஊர் சுற்றிவிட்டு 1806-ல் வந்து நிற்கும். என் கணிப்பில் வெறும் தற்செயல். சின்ன எண்கள் குறைவு, வரிசைகள் ஏராளம், மோதத்தான் செய்யும். இதன் பாதி வரிசை (1, 3, 11, 45, 197, 903…) மேலே போனால் 103049 வரும். அது கிரேக்கர் ஹிப்பார்க்கஸ் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதி வைத்த எண். அர்த்தம் புரியாமலே கிடந்து 1994-ல்தான் ஷ்ரோடர் எண் என்று பிடிபட்டது. இந்த இழைக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை.

■ குடியாத்தம் | ஜூலை 15, காலை 7:10

22 இலக்கத்தை ஆரம்பத்திலிருந்து நாமே உண்டாக்க முடியுமா? பட்டியல் பார்க்காமல்.

■ காட்பாடி | ஜூலை 15, இரவு 10:00

முடியும், எதிர்பார்ப்பதைவிடச் சுலபம். தேவை: பை 30 இலக்கம், 42! (1 முதல் 42 வரை பெருக்கியது), 30 இலக்கம் தாங்கும் கணிப்பான்.

2 × 42!-ஐ (2 × பை)⁴²-ஆல் வகுக்கவும். விடையை (1 − 1/2⁴²)-ஆல் வகுக்கவும்; இது 2 என்ற பகா எண்ணுக்கான திருத்தக் காரணி, 3, 5, 7 என அடுத்த பகா எண்களுக்கும் இதே மாதிரி உண்டு. 841693047573682614.9929 என்று வரும். சரியான மதிப்பு 841693047573682615 + 1/1806, அதாவது 615.00055 என்று முடியணும். வித்தியாசம் 0.0077, அது 3⁴²-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டதன் விலை. பரவாயில்லை. விடை முழு எண் + 1/1806 என்று மாட்டுக்கணக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது. கிட்ட இருக்கும் முழு எண் 615-ல் முடிவது. அதை 1806-ஆல் பெருக்கி 1 கூட்டு. தீர்ந்தது.

தவறும் இடம்: பை-யில் 15 இலக்கம் மட்டும் வைத்தால் அந்தப் பிழை 42 மடங்காகும், விடையின் கடைசி நாலைந்து இலக்கம் குப்பை.

■ சத்துவாச்சாரி | ஜூலை 16, காலை 9:00

பாருங்க, கடைசியில் "1806-ஆல் பெருக்கி 1 கூட்டு" என்று நான் சொன்னதையேதான் செய்யச் சொல்றாரு.

■ காட்பாடி | ஜூலை 16, காலை 9:04

எதைப் பெருக்குவது என்பதில்தான் விஷயம் இருக்கு நைனா.

■ ஆம்பூர் | ஜூலை 18, மாலை 6:15

1806-ஆவதையே இப்படி எடுக்கலாமா? எவ்வளவு பெரிசா வரும்?

■ காட்பாடி | ஜூலை 19, காலை 7:00

தொகுதி 3662 இலக்கம். குறி கூட்டல். மீதி அதே 1.

வழி அதே, சாமான் அதிகம். பை 3700 இலக்கமாவது வேண்டும். திருத்தக் காரணி 2-க்கு மட்டும் போதாது, 103 வரை உள்ள 27 பகா எண்களுக்கும் போடணும். 103¹⁸⁰⁶ சுமார் 3636 இலக்கம், அதை விட்டால் முழு எண் பகுதியின் வாலில் 20-க்கு மேற்பட்ட இலக்கம் கெடும். 107¹⁸⁰⁶ 3666 இலக்கம், அதிலிருந்து விட்டுவிடலாம். பிறகு அதேபோல் முழு எண்ணாக்கி 1806-ஆல் பெருக்கி 1 கூட்டணும்.

சோதிக்க 1806-க்கு மீதி பார்க்காதீங்க, நீங்களே 1 கூட்டியதால் எப்போதும் சரியாகத்தான் வரும். முழு எண்ணாக்குவதற்கு முன்னால் தசமப் புள்ளிக்குப் பின்னே 0.00055 தெரிகிறதா என்று பாருங்கள், அதுதான் சோதனை. 107-ஐ விட்ட பிழை தசமத்தில் ஏழாவது இடத்தில்தான் தொடும்.

பைத்தானில் 3.11 முதல், 4300 இலக்கத்துக்கு மேல் உள்ள முழு எண்ணை அச்சிடச் சொன்னால் பிழைச்செய்தி வரும். 3662 அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் வழியில் 1806!-ஐ அச்சிட்டுப் பார்க்க ஆசைப்படாதீங்க, அது 5100 இலக்கம்.